முதல் வாய் கிரீம்

என் நாத்தனார் அடிக்கும் கிரீமை வாயில் வைத்தவர்கள் ஒரு நொடி கண்ணை மூடுவார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நான் வைக்கும் மீன் குழம்புக்கு யாரும் கண்ணை மூடியதில்லை. "நல்லா இருக்குது, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பதோடு சரி. நாள் கணக்காகக் குனிந்து உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாலும், கை பிடிக்கிறதா, கழுத்து இறங்கிவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் காற்றாக இருக்கும் அந்த வெள்ளை நுரைக்கு மட்டும் கண் தானாக மூடிக்கொள்கிறது.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள். கடலோரத்தில் இருக்கும் எங்கள் மரக்காணத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் ஈசிஆர் ரோட்டைப் பிடித்து, ஆரோவில் பக்கத்தில் ஒரு கஃபேயின் கிச்சனுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் கேக், டார்ட், பெயர் வாயில் நுழையாத இன்னும் என்னென்னவோ செய்யக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

நல்லவள். அதுதான் தொல்லை. சம்பளம் வந்ததும் எனக்குத்தான் முதலில் ஏதாவது வாங்கி வருவாள். சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் கேட்காமல் கழுவி வைப்பாள். "அண்ணி, அண்ணி" என்று வாய் ஓயாது. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். துணி கொடுக்க வரும் பெண்கள் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். நல்லவளைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது? சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு அத்தை என்றால் உயிர். காலையில் பள்ளிக்கூடத்துக்கு அத்தையின் ஸ்கூட்டியில்தான் போவாள், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் முகம் தொங்கிப்போகும். பென்சில் உடைந்தால் அத்தை, பல் ஆடினால் அத்தை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால் அதுவும் முதலில் அத்தைக்குத்தான் தெரியும். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாச் செய்தியும் இரண்டாவதாகத்தான் வரும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கேக் விஷயத்தில்தான்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் கேக் உண்டு. பெயர் வைத்தாலும் கேக், அறுபது முடிந்தாலும் கேக். வெட்டியவர் முதல் துண்டை எடுத்து யார் வாயில் வைக்கப் போகிறார் என்று சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஓட்டு எண்ணிக்கை மாதிரிதான். மாமியாருக்கா, பெண்டாட்டிக்கா, மூத்த மகனுக்கா என்று அந்த ஒரு துண்டில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதை வைத்து வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

என் மகள் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் முதல் துண்டை அத்தைக்குத்தான் ஊட்டினாள். நான் பக்கத்திலேயே, புதுப் புடவையில், சிரித்த முகத்தோடு நிற்பேன். போன பிறந்தநாளுக்கு எதிர்வீட்டு அக்கா வாய் பொறுக்காமல் கேட்டேவிட்டாள். "ஏண்டி, பெத்தவ இங்க நிக்குறா, நீ என்னா அங்க ஓடுற?"

"கிரீம் அத்தைதானே பண்ணாங்க" என்றாள் என் மகள், இதில் என்ன சந்தேகம் என்பது போல.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டேன். சரி, அப்படியென்றால் இது பாசம் இல்லை, நியாயம். யார் கிரீம் அடித்தார்களோ அவர்களுக்கு முதல் வாய். குழந்தைகள் கணக்கு அப்படித்தான் இருக்கும். கிரீம் நான் அடித்தால் முதல் வாய் எனக்கு. அன்று படுக்கும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மே மாதம் என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், என்று மாதா கோயிலில் அறிவித்தார்கள். வெள்ளை கவுன், தலையில் கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, பூசை முடிந்ததும் வீட்டில் பிரியாணி, கேக். பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். புதுநன்மை ஒரே தடவைதான். அந்த முதல் வாயை விட்டுவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரவுச் சாப்பாட்டில் மெதுவாக எடுத்தேன். "இந்தத் தடவை கேக், கிரீம் எல்லாம் நானே பண்றேன். உனக்கு எதுக்கும்மா சிரமம், சீசன் டைம், லீவு வேற குடுக்க மாட்டாங்க."

நாத்தனார் முகத்தில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒரு சின்ன ஏமாற்றம், ஒரு சுருக்கம். ஒன்றும் இல்லை. "சூப்பர் அண்ணி! எதுனா ஹெல்ப் வேணும்னா சொல்லுங்க" என்றாள். முகம் தொங்கியது என் மகளுக்குத்தான். "அத்தை பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். வீட்டில் எங்கே கண்ணிவெடி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கவுனை முடிக்க வேண்டிய வேலை ஒரு பக்கம் கிடந்தது. லேஸ் வைத்து, மணி கோத்து, பின்னால் பெரிய ரிப்பன் பூ கட்டுவதாக எண்ணம். அதை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு கிரீமில் இறங்கினேன். மகள் புதுநன்மைக்கான மறைக்கல்வி வகுப்புக்கும் நாத்தனார் வேலைக்கும் போயிருக்கும் மதிய நேரங்கள்தான் எனக்குக் கிடைத்தவை.

கிரீம் என்றால் பால் ஆடைதானே என்றுதான் ஆரம்பித்தேன். எருமைப் பாலாகப் பார்த்து வாங்கி, காய்ச்சி, ஆடையை எடுத்து எடுத்து ஃப்ரிட்ஜில் சேர்த்தேன். ஒரு மதியம் சர்க்கரை போட்டு மிக்சியில் ஓட்டினேன். முதலில் நன்றாகத்தான் உப்பியது. மூடியைத் திறந்து பார்த்து, சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். அடுத்து திறந்தபோது கீழே மோர், மேலே வெண்ணெய். உருக்கினால் சர்க்கரை கருகிய வாசத்தோடு நெய் வந்தது.

என் வீட்டுக்காரர் உப்பு வியாபாரி ஒருவரின் கிடங்கில் மேஸ்திரி. அன்று வேலை முடிந்து வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேக்கா பண்ண?" என்றார்.

"நெய் இருக்குது. தோசைக்கு ஊத்திக்கோங்க" என்றேன்.

அடுத்தது கடையில் சின்ன அட்டைப் பெட்டியில் விற்கும் கிரீம். அதற்காக ஒரு பீட்டர் வாங்கினேன். பீட்டர் சூடேறி கருகிய வாசம் வரும்வரை அடித்தும் அது கஞ்சி மாதிரியே கிடந்தது. அப்புறம்தான் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேக்கரிக்காரர்கள் அடிப்பது வேறு கிரீம். கல்லாக உறைந்து, பாண்டியில் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அடிக்கும்போதும் பாத்திரம், பீட்டர் கம்பி எல்லாம் ஜில்லென்று இருக்க வேண்டும். சூடு பட்டால் போச்சு.

இதை நாத்தனாரிடம் கேட்டிருந்தால் தலை துவட்டிக்கொண்டே சொல்லியிருப்பாள். வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "தங்கச்சி கையில கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடும். நீ எதுக்கு மண்டைய ஒடச்சிக்கிற?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்பதுதானே என் பிரச்சினை. அவள் சொல்லிக்கொடுத்து நான் அடித்தால் அது யார் கிரீம்?

பாண்டிக்குப் போனேன். மே மாத வெயிலில் பஸ்ஸில் உறைந்த கிரீமை மரக்காணம் வரை கொண்டுவர வேண்டும். பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் அக்காவிடம் தெர்மாகோல் பெட்டி இரவல் வாங்கியிருந்தேன். எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் மீன் வாசம் போகாத பெட்டி அது. கிரீம் பாக்கெட் மூன்றையும் நாலு கவர் போட்டுச் சுற்றி, ஐஸ் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தார்.

"இன்னாமா, மீனா?"

"ஆமாங்க."

"பாண்டியிலேர்ந்து மரக்காணத்துக்கு மீன் எடுத்துனு போற மொத ஆள் நீதாம்மா" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உப்பளம் வெள்ளையாக, பாத்தி பாத்தியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கும், அவர்கள் மகள் அவர்களுக்கு ஊட்டுகிறாள் என்று மனதுக்குள் திட்டினேன்.

பாண்டி கிரீம் பொய் சொல்லவில்லை. பாத்திரத்தையும் கம்பியையும் ஃப்ரீசரில் வைத்து எடுத்து அடித்தேன். கண் முன்னாலேயே அது எழுந்தது. பீட்டரைத் தூக்கினால் நுனி நின்றது. பாத்திரத்தை என் தலைக்கு மேலே கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே சிரித்தேன். அந்த நேரத்தில் நாத்தனார் உள்ளே வந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன், அவ்வளவு கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டத்தில்தான் கை பழக்கத்துக்கு ஒரு வேலை செய்தது. எங்கள் வீட்டில் எந்த இனிப்பாக இருந்தாலும் இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு போடுவோம். பாயசமோ, கேசரியோ, அது போட்டால்தான் இனிப்பு எடுத்துக் கொடுக்கும். கிடங்கிலிருந்து மூட்டையாகவே கல்லுப்பு வந்துவிடுவதால் தூள் உப்பு என்று ஒன்றை நாங்கள் வாங்கியதே கிடையாது. ஜாடியில் கை விட்டு, விரலால் நுணுக்கி, கிரீமில் போட்டுக் கலந்து மூடி வைத்தேன்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரருக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்தார். எனக்குத் தேவையானது அவர் கண் மூடுவது. மூடவில்லை, பெரிதாகத் திறந்தது. பல்லுக்கிடையில் நறுக்கென்று ஒரு சத்தம்.

"என்னாடி இது, பல்லுல கல்லு?"

பாயசத்தில் கரையும் உப்பு கிரீமில் கரையாது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கல்லும் கிரீமுக்குள் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் கட்டியிருந்தது. ஊருக்கே உப்பு கொடுக்கிற ஊரில் பிறந்தவள் செய்கிற வேலை. "தங்கச்சி உப்பு போடாதுன்னு நெனக்கிறேன்" என்றார் அவர், உதவியாக. நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன்.

உப்பு போடாமல் அடுத்த பாக்கெட்டில் மறுபடி செய்தேன். சரியாக வந்தது. இனி புதுநன்மைதான் பாக்கி. ராத்திரி கண் விழித்து கவுனையும் முடித்தேன்.

சனிக்கிழமை மதியம் கேக்கை வேகவைத்தேன். எங்களிடம் ஓவன் இல்லை. பெரிய அலுமினியக் குண்டானில் கல்லுப்பை விரல் அளவுக்குப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, சிம்மில் வைத்துவிடுவேன். உப்பு சூட்டைப் பிடித்து மெதுவாகக் கொடுக்கும். அதில் எனக்குப் பயமில்லை.

சாயங்காலம் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த தப்பையெல்லாம் சாமியாரிடம் தனியாகச் சொல்வது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்தவளிடம், "என்னா சொன்ன சாமியார்கிட்ட?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதும்மா."

"அத்தைகிட்ட சொல்லுவியா?"

"அத்தை கேக்கவே மாட்டாங்கம்மா" என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் கிடந்த சின்னச் சின்ன உப்புக் கட்டிகளைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். லாரியிலிருந்து சிந்தியவை. எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. பொறாமைக்கு இவ்வளவு சின்னத் தீனி போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நன்றாக நடந்தது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாகப் போனதில் என் மகளின் கவுன்தான் எடுப்பாக இருந்தது. அதை நானே சொல்லக் கூடாது, ஆனால் இரண்டு பேர் வந்து எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். நாத்தனார் பின்னால் கட்டிய ரிப்பன் பூவைத் தொட்டுப் பார்த்து, "அண்ணி, கடையில கூட இப்படி இல்ல" என்றாள். அவள் பாராட்டினால் எனக்குப் பாராட்டு மாதிரியே இருப்பதில்லை. மேலே இருப்பவர் கீழே குனிந்து கொடுப்பது மாதிரி இருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை என்று தெரியும். எனக்கு அப்படித்தான் கேட்கும்.

திட்டம் இதுதான்: பூசை முடிந்து வந்ததும் கிரீமை அடித்து, கேக்கில் பூசி, வந்தவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். மே மாதத்தில் முன்கூட்டியே பூசி வைத்தால் சரிந்துவிடும். வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், என் தம்பி, தெருக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முற்றத்தில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தது. நான் பீட்டரைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். இரண்டு சுற்று சுற்றியது. நின்றது. கூடத்தில் ஃபேனும் நின்று எல்லாரும் ஒரே குரலில் "அய்யோ" என்றார்கள்.

லைனில் வேலையாம். எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பாத்திரத்தில் கிரீம் பால் மாதிரி கிடந்தது. கையால் அடிக்கலாம், முட்டை அடிக்கும் கம்பி இருந்தது. ஆனால் அந்த வெக்கையில் கையால் அடித்து முடிப்பதற்குள் கிரீம் சூடேறிவிடும். ஃப்ரிட்ஜும் செத்துக் கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் யாரோ, "கடையில ஒரு கேக் வாங்கியாந்துடலாமே" என்பது காதில் விழுந்தது. அப்போதுதான் குல்பி வண்டிக்காரர் நினைவுக்கு வந்தார்.

அவர் என் வீட்டுக்காரரின் கிடங்கில்தான் உப்பு எடுப்பார். ட்ரம்மில் ஐஸை உடைத்துக் கொட்டி, அதன்மேல் கை கையாகக் கல்லுப்பை வாரி இறைத்து, நடுவில் குல்பி குழாய்களைச் செருகுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும், ஆனால் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது, அவ்வளவு குளிர். கலர் பாட்டில்களைக் குளிர வைக்கக் கூனிமேட்டிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பார் பின்கட்டில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. உலக்கையால் உடைத்தேன். துணி துவைக்கும் பேசினைக் கழுவி, ஐஸைக் கொட்டி, மூட்டையிலிருந்து உப்பை அள்ளி அள்ளிப் போட்டு, கிரீம் பாத்திரத்தை நடுவில் அமுக்கினேன். பேசினின் வெளிப்பக்கம் வியர்த்துக் கொட்டியது.

கம்பியை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். பாத்திரம் ஐஸில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு கையால் அதைப் பிடித்து ஒரு கையால் அடித்தால் வேகம் வரவில்லை. உப்புத் தண்ணீர் கிரீமில் தெறித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். ஐஸைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள்.

"அண்ணி! இது எங்க கத்துக்கினீங்க?"

"யாரும் கத்துக் குடுக்கல" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்ததில் கை வலிகூடக் கொஞ்சம் குறைந்தது.

"செம ஐடியா. கஃபேல சொல்றேன், அங்க கரண்ட் போனா ஒரே ரகள" என்றாள். இதையும் கொண்டுபோய் அங்கே வைத்துக் கைதட்டல் வாங்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கம்பியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், அது அவளுக்கும் தெரிந்திருக்கும். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, ஐஸுக்குள் இரண்டு கையையும் விட்டு, பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள். போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் பிடித்திருந்தால்தான் கிரீம் வரும். வலது கை ஓய்ந்தால் இடது கை, இடது ஓய்ந்தால் வலது என்று நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் விரல்கள் சிவந்து, அப்புறம் வெளுத்துப்போயின. ஒரு தடவைகூட எடுத்து ஊதிக்கொள்ளவில்லை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிரீம் எழுந்தது. கம்பி போன வழியில் கோடு விழுந்து, விழுந்த கோடு அப்படியே நின்றது.

"அண்ணி, போதும்" என்றாள் மெதுவாக. "இன்னும் அடிச்சா பிரிஞ்சிடும்."

அவள் சொல்லி நான் நிறுத்துவதா? என் கை இன்னும் கொஞ்சம் ஓடியது. ஓரத்தில் வழவழப்பு போய் லேசாகச் சொரசொரப்பு தட்டுவது தெரிந்தது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினேன். கம்பியைத் தூக்கினேன். நுனி நின்றது.

பூசுவதை நான்தான் செய்தேன். அவள் மரத்துப்போன கைகளைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "எங்க அண்ணி கையாலயே அடிச்சு எடுத்துட்டாங்க, கரண்ட் கிரண்ட் ஒண்ணும் வேணாம்" என்று எல்லாரிடமும் சொல்வது கேட்டது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சமாவது தம்பட்டம் அடித்துக்கொள்கிறவளாக இருந்தால்தான் என்ன?

கேக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். வெள்ளைக் கேக்குக்குப் பின்னால் வெள்ளைக் கவுனில் என் மகள் நின்றாள், இரண்டுமே நான் செய்தவை. காலையிலிருந்து அவள் தோழிகளிடம், "இன்னிக்கு எங்கம்மாதான் கிரீம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். ஆகவே அவளுக்குத் தெரியும். அவள் போட்ட சட்டம்தான், அவளே மறக்க மாட்டாள். வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். எதிர்வீட்டு அக்கா முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

மகள் கத்தியை அழுத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் ஒரு துண்டை விரல்களால் எடுத்தாள், கிரீம் கையெல்லாம் ஒட்டியது. தலையைத் தூக்கினாள். நான் ஒரு அடி முன்னால் வந்திருந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகி, கொஞ்சம் குனிந்துகூட நின்றேன், அவளுக்கு எட்டட்டும் என்று.

அவள் கை என்னைத் தாண்டிப் போனது.

யோசிக்கவே இல்லை அவள். என்மேல் கோபமும் இல்லை, மறதியும் இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி அந்தக் கை அத்தையிடம் போனது. இத்தனை வருஷமும் கிரீமுக்காகத்தான் போனது என்று நான் வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் தீர்ந்தது. கிரீம் என்னுடையது. கை அத்தையைத்தான் தேடிப் போனது. கூடத்தில் யாரோ "ஹும்" என்றார்கள், எதிர்வீட்டு அக்காவாகத்தான் இருக்கும்.

நாத்தனார் அந்தத் துண்டை வாங்கிக்கொள்ள வாயைத் திறக்கவில்லை. தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, இன்னும் சில்லென்று இருந்திருக்கும் தன் கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கண்ணு, அம்மாதானே கிரீம் பண்ணாங்க? மொத வாய் அம்மாவுக்கு" என்றாள். பிடித்த கையை மெதுவாக என் பக்கம் திருப்பிவிட்டாள்.

என் மகள் உடனே கேட்டுக்கொண்டாள். அத்தை சொன்னால் அவள் எதையும் கேட்பாள். துண்டோடு என்னிடம் வந்தாள். "அம்மா, ஆ காட்டு" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? இத்தனை பேர் முன்னால், வேண்டாம், அவளுக்கே கொடு என்று சொல்ல முடியுமா? மூன்று பாக்கெட் கிரீமும், பாண்டி பஸ்ஸும், தெர்மாகோல் பெட்டியும், கை வலியும் இதற்காகத்தானே. வாயைத் திறந்தேன். ஃபோட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள், "பெத்தவளுக்குத்தான்யா மொத வாய்" என்று வீட்டுக்காரரின் அண்ணன் சத்தமாகச் சொன்னார். கிரீம் நன்றாக வந்திருந்தது. ஜில்லென்று நாக்கில் பட்டுக் கரைந்தது.

ஊட்டும்போது மகளின் விரல் என் உதட்டில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சரியாகச் செய்தேனா என்று திரும்பி அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.